சார் பாடம் நடத்தாமல் வீடியோ பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்: ஃபிளிப்டு கிளாஸில் முதலாண்டு இயற்பியல் படிப்பது எப்படி?

கேள்வி: பாலக்கோடு பக்கம் கிராமம். பிளஸ் டூ வரை தமிழ் வழி. இப்போது தருமபுரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு. மெக்கானிக்ஸ் எடுக்கும் சார் ‘இது ஃபிளிப்டு கிளாஸ்’ என்று சொல்லிவிட்டார். பாடம் வீடியோவாக முதல்நாளே வந்துவிடுகிறது. வகுப்பில் கேள்வி போடுகிறார், பக்கத்தில் இருப்பவனோடு பேசிப் பதில் சொல்லச் சொல்கிறார். மற்ற சப்ஜெக்ட்டில் நோட்ஸ் நிறைய இருக்கிறது, இதில் ஒன்றுமே கற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. இது சரியான முறையா? அரியர் விழாமல் தப்பிப்பேனா?

பதில்:

தம்பி, முறை சரியானதுதான். உங்கள் சார் அதை ஒழுங்காக நடத்துகிறாரா என்பது தனிக் கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரிகளில் முதலாண்டுக்கு மெக்கானிக்ஸ் எடுத்தே என் வேலைக்காலம் போயிற்று. கரும்பலகை நிறைய எழுதிப் போட்டும் நடத்தியிருக்கிறேன், நீங்கள் சொல்லும் மாதிரியும் நடத்தியிருக்கிறேன். இரண்டிலும் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது ஓரளவு தெரியும்.

‘ஒன்றுமே கற்றதாகத் தோன்றவில்லை’ என்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த உணர்வை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல்நிலை இயற்பியல் வகுப்பில் லூயி டெலோரியே என்பவரும் உடன் பணிபுரிபவர்களும் செய்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. மாணவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரே பாடத்தை ஒரு பிரிவுக்கு அழகான விரிவுரையாகவும், இன்னொரு பிரிவுக்குக் கணக்கைக் கையில் கொடுத்துப் பேசவிட்டும் நடத்தினார்கள். பிறகு இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வு. விரிவுரை கேட்டவர்கள் ‘நிறையக் கற்றோம்’ என்றார்கள், கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள் ‘குறைவாகத்தான் கற்றோம்’ என்றார்கள். மதிப்பெண் அப்படியே தலைகீழ். தடையில்லாமல் ஓடும் விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிகிற மாதிரியே இருக்கும். நாமே போட்டுப் பார்க்கும்போது தடுமாறுகிறோம், அந்தத் தடுமாற்றத்தைத் ‘தெரியவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறோம். ஆகவே வகுப்பு முடிந்து வரும்போது மனதில் என்ன தோன்றுகிறது என்பதை வைத்து எடை போடாதீர்கள். இரண்டு நாள் கழித்து, நோட்டைப் பார்க்காமல் அதே கணக்கைப் போட முடிகிறதா என்று பாருங்கள்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பு நடந்ததே, அதன் மிச்சம் இது என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு பள்ளி வேதியியல் ஆசிரியர்கள் 2007-ல், வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். ஃபிளிப்டு கிளாஸ் பரவலானது அவர்களால். ஆனால் கல்லூரி இயற்பியலில் இதன் வேர் இன்னும் பழையது. ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற பேராசிரியர், தன் மாணவர்கள் பெரிய பெரிய கணக்கெல்லாம் போடுகிறார்களே என்று நிம்மதியாக இருந்தார். கணக்கே இல்லாமல் விசை பற்றிய அடிப்படைக் கேள்விகளை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு மாணவி எழுந்து, ‘நீங்கள் நடத்தியபடி பதில் எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா?’ என்று கேட்டாராம். நியூட்டன் விதி நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது, மனதுக்குள் வேறொரு விதி ஓடிக்கொண்டிருக்கிறது. 1991-லிருந்து மசூர் தன் வகுப்பை மாற்றினார். வாசிப்பு வீட்டில், வகுப்பில் கேள்வி, வாக்கெடுப்பு, பக்கத்தில் இருப்பவரோடு வாதம்.

அந்த அடிப்படைக் கேள்விகளை ஒழுங்குபடுத்தி ஹெஸ்டனீஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹேமர் மூவரும் 1992-ல் ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்க முதலாண்டு மாணவர்களுக்கு அதைக் கொடுக்கிறார்கள். ரிச்சர்ட் ஹேக் என்பவர் அதையும் அதைப் போன்ற தேர்வுகளையும் வைத்து, 62 வகுப்புகளில் 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்ணைத் திரட்டி 1998-ல் வெளியிட்டார். பாடத்துக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு. முதல் தேர்வில் 40 வாங்கிய மாணவனுக்கு இன்னும் 60 மதிப்பெண் ஏற இடம் இருக்கிறது அல்லவா? வெறும் விரிவுரை வகுப்புகளில் அந்த இடத்தில் சராசரியாக 23 சதவீதம்தான் ஏறியது. பேசவும் போடவும் விட்ட வகுப்புகளில் 48 சதவீதம். அதாவது 40 வாங்கியவன் ஒன்றில் 54-க்கும், மற்றதில் 69-க்கும் வருகிறான். ஹேக் அளந்தது வீடியோவை அல்ல என்பதைக் கவனியுங்கள். வகுப்பில் மாணவன் மூளையை ஓட்டினானா என்பதுதான் அங்கே கணக்கு. வீடியோ செய்வதெல்லாம் அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பது மட்டுமே.

சரி, வகுப்பில் அந்தக் கேள்வி எப்படி வேலை செய்கிறது? நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் உங்களுக்குத் தெரியும். 25 டன் எடையுள்ள லாரி ஒன்று, வளைவில்லாத நேரான பகுதியில், மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற மாறாத வேகத்தில் இறங்குகிறது. லாரியின் மேல் செயல்படும் நிகர விசை எந்தப் பக்கம்? அ: சரிவின் கீழ்நோக்கி. ஆ: சரிவின் மேல்நோக்கி. இ: பூஜ்யம். ஈ: லோடைப் பொறுத்தது.

இதைப் படித்தவுடன் ‘அ’ என்று தோன்றியிருந்தால் வெட்கப்பட வேண்டாம், வகுப்பில் பெரிய கூட்டமே அங்கேதான் நிற்கும். ‘லாரி கீழேதானே போகிறது சார், அப்போ கீழ்ப்பக்க விசைதானே ஜாஸ்தி?’ என்பார்கள். பிரேக் போடுவதால் ‘ஆ’ என்று சிலர் அடம்பிடிப்பார்கள். விடை ‘இ’. வேகமும் மாறவில்லை, திசையும் மாறவில்லை, ஆகவே முடுக்கம் பூஜ்யம், நிகர விசையும் பூஜ்யம். எடையின் சரிவுவழிக் கூறு கீழே இழுக்கிறது. பிரேக், இன்ஜினின் பின்னிழுப்பு, டயரின் உருளல் தடை, காற்றுத் தடை எல்லாம் சேர்ந்து அதே அளவுக்கு மேலே இழுக்கின்றன. நியூட்டனின் முதல் விதியைப் பள்ளியிலிருந்தே ஒப்பித்து வந்தவன்தான் ‘அ’ என்கிறான். ‘நகர்ந்தால் விசை இருக்கும்’ என்ற பழைய எண்ணம் அந்த அளவுக்கு ஆழம். நான் பத்துத் தடவை சொல்லியும் அது போகாது. ஆனால் பக்கத்து பெஞ்சுப் பையன், ‘டேய், பூஜ்யம் இல்லேன்னா வேகம் ஏறணுமே, ஏறலையே?’ என்று கேட்டால் ஆடிப்போய்விடுகிறது. அவனும் இரண்டு நாள் முன்புதான் அதே குழியிலிருந்து ஏறி வந்தவன். எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இந்தக் கேள்வியை அப்படியே அடுத்த பாடத்துக்கும் நீட்டலாம். அந்த லாரி செங்குத்தாக 100 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நிலையாற்றல் குறைவு 25,000 பெருக்கல் 9.8 பெருக்கல் 100, அதாவது 2 கோடியே 45 லட்சம் ஜூல். வேகம் மாறவில்லை என்பதால் இயக்க ஆற்றலாகவும் அது சேரவில்லை. அப்போது எங்கே போயிற்று? வெப்பமாகத்தான். 27 டிகிரியில் இருக்கும் சுமார் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். கியரில் இறக்கினால் அதில் நல்ல பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் அதில் பெரும்பகுதி பிரேக் டிரம்மில் இறங்கும். டிரம் கொதித்து லைனிங் பிடிமானத்தை இழக்கும், அப்புறம் பெடலை மிதித்தும் பயனில்லை. கணவாய்க்கு முன்னால் ‘நியூட்ரலில் இறங்காதீர்கள், குறைந்த கியரில் செல்லுங்கள்’ என்று எச்சரிப்பதன் இயற்பியல் இவ்வளவுதான். இந்த நீட்சிக்கு விரிவுரை வகுப்பில் நேரமே இருக்காது. சாய்தளப் படத்தைப் போட்டுச் சூத்திரத்தை வருவித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

இனி உங்கள் பக்கத்து வேலைக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் சறுக்குவது வகுப்பில் இல்லை, முந்தைய இரவில். வீடியோவை சினிமா மாதிரி பார்க்கிறார்கள். 12 நிமிட வீடியோ என்றால் அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேனா கையில் இருக்க வேண்டும். ஆசிரியர் கணக்கைச் சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள், அவர் போடுவதற்கு முன் நீங்கள் படம் போடுங்கள். தப்பாகப் போட்டாலும் அழிக்காதீர்கள், பக்கத்தில் சரியானதை வேறு மையில் எழுதுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் உங்களுக்கு உதவப்போவது அந்தத் தப்புகள்தான்.

விசைப்படம் போடும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் ‘எந்தப் பொருள், எந்தப் பொருளின் மேல்’ என்று எழுதுங்கள். கொடுக்கும் பொருளின் பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அந்த விசை அங்கே இல்லை. பாலக்கோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறீர்கள், டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார், முன்னால் சாய்கிறீர்கள். உங்களை முன்னே தள்ளியது யார்? பின்னால் நிற்பவர் இடிக்கவில்லை என்றால், யாருமில்லை. பஸ் வேகம் குறைந்தது, உங்கள் உடம்பு பழைய வேகத்தில் தொடர்ந்தது. முதலாண்டில் எழுதப்படும் தப்பான விசைப்படங்களில் பாதி, இப்படிக் கொடுப்பவரே இல்லாத ஒரு முன்னோக்கு அம்பைப் போட்டதால் வருபவை. வீடியோ கணக்கில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பஸ்ஸில் வரும்போதும் மனதுக்குள் செய்து பாருங்கள்.

பஸ்ஸிலேயே வீடியோவைப் பார்த்து முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நெரிசலில் ஒரு கையில் கம்பி, மறு கையில் போன், எழுத ஏது கை? இரண்டாம் முறை கேட்பதற்கு வேண்டுமானால் பஸ் சரி. முதல் முறை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போனால் மாடு, தக்காளித் தோட்டம், தம்பி தங்கைகள் என்று வேலை இருக்கும் என்பதும் தெரியும். முடிந்தால் கல்லூரி விட்டதும் நூலகத்தில் அரை மணி நேரம் இருந்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள். கல்லூரி வைஃபை கிடைத்தால் அந்த வாரத்து வீடியோ எல்லாவற்றையும் டவுன்லோடு செய்துவிடலாம், கிராமத்தில் சிக்னலைத் தேடி மாடியேற வேண்டாம்.

அடுத்து, ஒரு கேள்வியோடு வகுப்புக்குப் போங்கள். ‘சார், புரியல’ என்பதை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியராலும் எதுவும் செய்ய முடியாது. ‘சாய்தளத்தில் செங்குத்து விசை ஏன் முழு எடைக்குச் சமமாக இல்லை?’ என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். வீடியோவில் எந்த நிமிடத்தில் வழி தவறியது என்று குறித்து வைத்தாலே பாதிக் கேள்வி தயார்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. வீடியோ ஆங்கிலத்தில் ஓடும்போது இயற்பியலோடு சேர்த்து மொழியையும் துரத்த வேண்டியிருக்கிறது. ஆனால் விரிவுரையை நிறுத்த முடியாது, வீடியோவை நிறுத்தலாம், வேகத்தைக் குறைக்கலாம், திரும்பப் போடலாம். அந்த விதத்தில் ஃபிளிப்டு கிளாஸ் உங்களுக்குத்தான் அதிகம் கைகொடுக்கும். 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதியைத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பி.டி.எஃப். இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டிலும் அலகுகள் ஒரே வரிசை. இயக்கவியல், இயக்க விதிகள், வேலை ஆற்றல் திறன், துகள்களாலான அமைப்பு, திண்பொருட்களின் இயக்கம் என்று உங்கள் முதல் செமஸ்டர் மெக்கானிக்ஸுக்கு வேண்டிய அடித்தளம் முழுக்க அதில் இருக்கிறது. உந்தம் என்பதே மொமென்டம், திருப்பு விசை என்பதே டார்க், நிலைமத் திருப்புத்திறன் என்பதே மொமென்ட் ஆஃப் இனர்ஷியா. ஐம்பது அறுபது சொற்களை இப்படி நோட்டின் கடைசிப் பக்கத்தில் இணை சேர்த்துவிட்டால் வீடியோ மிரட்டாது. என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் இயற்பியல் வகுப்புகளும் உண்டு, எச்.சி. வர்மா நடத்தியவையும் அதில் அடக்கம். ஆனால் உங்கள் சார் அனுப்பிய வீடியோவை முடிக்காமல் அங்கே போகாதீர்கள். ஒரே பாடத்துக்கு நாலு பேருடைய வீடியோவைப் பார்ப்பது படித்த மாதிரி இருக்கும், கணக்கு மட்டும் வராது.

வகுப்பில் பேசும்போது என்ன செய்வது? கேள்வி போட்டதும் முதலில் வாயை மூடிக்கொண்டு தனியாக யோசித்து, விடையை நோட்டில் எழுதிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். எழுதாமல் பேசத் தொடங்கினால், குழுவில் சத்தமாகப் பேசுபவன் விடையே எல்லோருடைய விடையும் ஆகிவிடும். மசூரின் வகுப்பிலும் முதல் வாக்கெடுப்பு தனியாகத்தான். சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பேசவிடுவார். அதற்குக் கீழே என்றால் பேசுவதற்கே ஆள் இருக்காது, ஆசிரியர் மறுபடி விளக்க வேண்டும். அதற்கு மேலே என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். பட்டனை அழுத்தி வாக்களிக்கும் கிளிக்கர் கருவியெல்லாம் வேண்டியதில்லை, ‘அ’ என்றால் ஒரு விரல், ‘ஆ’ என்றால் இரண்டு என்று நெஞ்சோடு ஒட்டிக் காட்டினாலே போதும்.

வேறு விடை சொன்னவனைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஒரே விடை சொன்ன இரண்டு நண்பர்கள் பேசினால் அடுத்த நிமிடமே பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். நம்ம கல்லூரிகளில் பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்கார்கிறோம், விவாதமும் அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நல்ல விளக்கம் அடுத்த வரிசையில் இருந்துகொண்டே வராமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இதை மாணவர் தனியாக மாற்றுவது கடினம். சாரே கலந்து குழு பிரித்தால்தான் நடக்கும், தயங்காமல் கேளுங்கள்.

விளங்கிற்றா என்று சோதிக்க ஒரு கேள்வி தருகிறேன், இதை வைத்து நண்பனோடு சண்டை போட்டுப் பாருங்கள். கிருஷ்ணகிரி சாலையில் மாங்காய் லோடு ஏற்றிய லாரி, எதிரே வந்த மொபெட்டில் மோதுகிறது. எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது? லாரி என்று சொன்னால் மூன்றாம் விதி இன்னும் நோட்டிலேயே இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு விசையும் சமம். நிறை குறைவான மொபெட்டின் முடுக்கம் பல மடங்கு அதிகம், நொறுங்குவது அதனால். ‘சமம் என்றால் ஏன் லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை?’ என்று நண்பன் கேட்கும்போது, இரண்டாம் விதியைக் கொண்டுவந்து அவனை மடக்க முடிந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

இப்போது சார் பக்கம். ஃபிளிப்டு கிளாஸ் என்ற பெயரில் யூடியூப் லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, வகுப்பில் நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள். அது ஃபிளிப் இல்லை, ஓய்வு. ஒழுங்காக நடத்துபவருக்கு விரிவுரையைவிட வேலை அதிகம்: வீடியோ பார்த்தார்களா என்று அறிய இரண்டு மூன்று சிறு கேள்விகள் கொடுத்து, அந்தப் பதில்களைப் படித்துவிட்டு வர வேண்டும். பெஞ்சு பெஞ்சாக நடக்க வேண்டும். பெரும்பாலோர் தப்பாகச் சொன்ன இடத்தில் நின்று விளக்க வேண்டும். உங்கள் சார் இந்த மூன்றையும் செய்கிறார் என்றால் நம்பிப் படியுங்கள். ஏதாவது விடுபட்டால், புகாராகக் கொண்டுபோகாமல், நாலைந்து பேராகப் போய் ‘சார், வகுப்பு முடியறப்போ அன்னைக்குக் கேட்ட கேள்விக்கு விடையும் காரணமும் ஒரு பத்து நிமிஷம் சொல்லிடுங்க சார்’ என்று கேளுங்கள். மறுப்பவர் குறைவு. வீடியோ நீளமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். 50 நிமிட வகுப்பை அப்படியே படம்பிடித்து அனுப்பினால் யாராலும் இரவில் உட்கார்ந்து பார்க்க முடியாது.

அரியர் பயத்துக்கு வருகிறேன். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஆய்வில், பங்கேற்புள்ள வகுப்பைவிட வெறும் விரிவுரை வகுப்பில் தோற்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று வந்தது. இது உங்களுக்குச் சாதகம். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நம்ம செமஸ்டர் வினாத்தாள் இன்னும் ‘வருவி’, ‘விளக்குக’ என்றே கேட்கிறது. வகுப்பில் எவ்வளவு பிரமாதமாக வாதம் செய்தாலும், திண்ம உருளையின் நிலைமத் திருப்புத்திறனை மூன்று பக்கம் எழுதிப் பழகாதவன் கை, தேர்வு அறையில் ஓடாது. அந்தப் பழக்கத்தை ஃபிளிப்டு கிளாஸ் தராது, நீங்கள்தான் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வருவித்தலை எடுத்து, முதலில் அது எதைச் சொல்கிறது என்று படத்தோடு ஒரு வரி எழுதுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு முழுக்க எழுதுங்கள். மாட்டிக்கொண்ட படியை மட்டும் திறந்து பாருங்கள். வகையீடு, தொகையீடு தடுமாறினால் அதற்கும் அதே காலையில் கொஞ்ச நேரம், ஏனென்றால் இயற்பியல் புரிந்தும் கணிதத்தில் மதிப்பெண்ணை விடுகிறவர்கள் ஏராளம். பழைய வினாத்தாள்கள் உங்கள் சீனியர்களிடம் இருக்கும். இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இன்டர்னல் நெருங்கும்போது எல்லோரும் தேடுவார்கள், ஜெராக்ஸ் கடையில் வரிசை நிற்கும்.